ஓடையில் முடியும் பாட்டு

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியதும் பேருந்தில் எல்லோருக்கும் காது அடைக்கும். பழகியவர்கள் எச்சில் விழுங்குவார்கள், வேண்டுமென்றே கொட்டாவி விடுவார்கள், கடலைமிட்டாய் மெல்லுவார்கள். மலைமேல் போய்ச் சேர்வதற்குள் சின்னச் சத்தத்தோடு காது திறந்துவிடும்.

அன்று நாமக்கல்லில் மருந்துக் கிடங்கு வேலையை முடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். நாற்பதாவது வளைவில் இரண்டு காதும் அடைத்தன. எழுபதாவது வளைவில் வலது காது திறந்தது. இடது காது திறக்கவில்லை.

என் பெயர் எஸ்தர். திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மலைக்காரர்கள் என்னை மாத்திரையம்மா என்பார்கள். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கணவர் சாமுவேல் இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர். இருவரும் மாற்றலில் வந்து ஏழு வருடங்கள் ஆகின்றன.

காது வலி என்று வந்தவர்களுக்கெல்லாம் இருபது வருடமாகச் சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்த கை இது. அதே கையால் எனக்கும் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டேன். மூக்கடைப்பு மாத்திரையும் போட்டேன். மலை அடைத்த காதை மலையே திறந்துவிடும் என்று பதினொரு நாள் சும்மா இருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்து, இரண்டு நாளில் திறக்கவில்லை என்றால், தயவுசெய்து காது மருத்துவரிடம் ஓடுங்கள். மலைமேல் இருந்தாலும் சரி, கடற்கரையில் இருந்தாலும் சரி. நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் குடியிருப்பு வீட்டின் முன்னறையில்தான் ஆராதனை. கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒன்பது குடும்பங்கள் கூடுவோம். சாமுவேல் ஆர்மோனியம் வாசிப்பார். நான் பாட்டை எடுத்துக் கொடுப்பேன். அன்று முதல் சரணத்திலேயே அவர் கையை எடுத்துவிட்டார்.

"சுருதி விலகுது எஸ்தர்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொல்லாத வார்த்தை அது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பெட்டியில காத்து ஒழுகுது. துருத்தியைப் பாருங்க. என்னைச் சொல்லுதீயளே."

எல்லோரும் தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினார்கள். மறுபடி தொடங்கினேன். என் குரல் எனக்கே இரண்டாகக் கேட்டது. ஒன்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வேலையை விட முடியாமல் ஒரு நாள் போனது. அதற்கடுத்த நாள் சேலத்தில் ஒரு காது மருத்துவரின் வாசலில் உட்கார்ந்திருந்தோம். நடைபாதை முழுக்க ஆட்கள். எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். காது டாக்டர் வீட்டு வாசல் அப்படித்தான் இருக்கும் என்று சாமுவேல் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

செவித்திறன் சோதனைக்கு ஒரு சின்னக் கண்ணாடி அறை. தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலித்தது. பிறகு இடது காது. நான் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் கழித்துக் கதவைத் திறந்தாள்.

"ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுதுங்க மேடம்" என்றாள்.

மருத்துவர் என்னைவிட வயதில் சிறியவர். அமைதியாகப் பேசினார். நரம்பு வழித் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்றார் (உள்காதும் அதன் நரம்பும் முன்னறிவிப்பில்லாமல் செயலிழப்பது, பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை).

"எத்தனை நாளாச்சுங்க?"

"பன்னிரண்டு."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பார்மசிஸ்ட்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் ஸ்டீராய்டு மாத்திரைகள் (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து). முகம் பூரி போல உப்பியது. பிறகு அதே மருந்தைச் செவிப்பறை வழியாகக் காதுக்குள் ஊசியில் செலுத்தினார்கள். வாரம் ஒன்றாக நான்கு. ஊசி போட்டதும் அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். ஏழு வருடமாக மலையேறும்போதெல்லாம் எச்சிலை விழுங்கியே காதைக் காப்பாற்றியவளுக்கு இப்படி ஒரு கட்டளை.

மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு மலையேறும்போதுதான் அது தொடங்கியது. வளைவுகளில் பேருந்து முனகிக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி நனைந்து கிடந்தது. செத்துப்போன இடது காதில், தூரத்தில், பெண்கள் பாடினார்கள்.

ராகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் கட்டிய பாட்டின் ராகம்தான். அழுதுவிட்டேன். பக்கத்தில் சாமுவேலின் கையைப் பிடித்து, "கேக்குது, காது கேக்குது" என்றேன். அவர் பதறிப்போய், "என்ன கேக்குது?" என்றார். பாட்டு என்றேன். அவர் ஓட்டுநர் பக்கம் எட்டிப் பார்த்தார். பேருந்தில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

அந்தப் பாட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

எனக்குப் பிரசங்கம் வராது. வசனம் கேட்டால் பாதி மறந்துபோகும். யாரிடமாவது போய் விசுவாசத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பாடுவேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஏழு வயதில் பாடகர் குழுவில் சேர்ந்தவள். என் சாமியை இன்னொருவருக்குக் காட்ட எனக்குத் தெரிந்த ஒரே வழி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாடுவது. கேட்பவர்கள் கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன். மலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் நடந்தது. மரவள்ளிக் காட்டுக்குப் போகிற பெண்கள் வாசலில் நின்று கேட்பார்கள். சிலர் உள்ளே வந்து உட்காருவார்கள்.

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருத்தி காத்தாயி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பக்கத்துச் சிற்றூர்க்காரி. கொஞ்சம் சாமை, கொஞ்சம் மிளகு, ஒரு பலா மரம். சுகாதார நிலையத்தில் கூட்டித் துடைக்கும் வேலைக்கும் வந்தாள். அவர்கள் சாமி அவர்களுக்கு, என் சாமி எனக்கு. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கதவோரம் வந்து உட்கார்ந்து, எங்கள் பாட்டில் இரண்டைப் பாடவும் கற்றுக்கொண்டாள். அவளுக்கு நல்ல குரல்.

நான் இங்கே வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு காலையில், எதிர்ச்சரிவிலிருந்து பெண்கள் பாடுவது கேட்டது. பனி மூட்டத்தில் ஆட்கள் தெரியவில்லை. அப்படி ஒரு ராகத்தை நான் அதுவரை கேட்டதில்லை. கிடங்குக்கு மருந்து கேட்டு எழுதும் தாளைத் திருப்பி, எங்கள் ஊரில் கற்றபடி டோ ரே மீ என்று குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு மேல் சுரத்தில் போய் நின்றதும் காற்று திசை மாறிவிட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை. கிடைத்தவரை போதும் என்று வைத்துக்கொண்டேன். ஏதோ களையெடுப்புப் பாட்டு என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து அந்த ராகத்துக்கு வார்த்தை போட்டேன். இந்த மலைக்காரர்களுக்கு அவர்களுடைய ராகத்திலேயே ஆண்டவரைக் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

வாசல் திறந்திருக்கு, விளக்கும் எரிந்திருக்கு,
உள்ளே வந்து தங்கும், எங்களோடே தங்கும்.

முதன்முறை அதைப் பாடிய ஞாயிறு, காத்தாயி கதவோரத்திலிருந்து எழுந்தாள். கண்ணீர் வழிய என்னையே பார்த்தாள். பிறகு வெளியே போய்விட்டாள்.

மறுநாள், "ஏன் காத்தாயி அழுத?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. பாட்டு அப்படிங்க" என்றாள்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் என்னவெல்லாம் கட்டினேன் தெரியுமா? விடுமுறையில் ஊருக்குப் போனபோது கோயில் மேடையில் ஏறிச் சாட்சி சொன்னேன். கொல்லிமலையில் ஒரு பெண், தன் மண்ணின் ராகத்தில் ஆண்டவர் பெயரைக் கேட்டதும் உள்ளம் உடைந்து அழுதாள் என்றேன். ஜனங்கள் அல்லேலூயா சொன்னார்கள். அந்தச் சாட்சியை மூன்று வருடம், மூன்று கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். காத்தாயி அதற்குப் பிறகு ஆராதனைக்கு வரவில்லை என்பதை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை. வாசலில் நின்று கேட்டவர்களும் குறைந்துபோனார்கள். மழை, மிளகு பறிப்பு, ஊர்ப் பண்டிகை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பாட்டை நிறுத்தவில்லை. ஆறு வருடம், ஞாயிறு தவறாமல், அதைப் பாடித்தான் ஆராதனையைத் தொடங்கினோம்.

இப்போது அந்தப் பாட்டுத்தான் என் காதுக்குள் இருந்தது.

முதல் இரண்டு நாள் அதைக் கிருபை என்றே நம்பினேன். கேட்கும் சக்தியை எடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவைத்தார் என்று ஜெபத்தில் சொன்னேன். மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். பாடுவது எங்கள் சபைக் குரல் இல்லை. என் குரலும் இல்லை. நான் முகம் பார்க்காத அந்தப் பெண்கள் பாடினார்கள். வார்த்தையும் என்னுடையதாக இல்லை, வெறும் இழுப்பு. மேல் சுரத்துக்கு வந்ததும் நிற்கும். நான் குறித்துவைத்த அதே இடம். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு முதலிலிருந்து வரும்.

சாப்பிடும்போது வந்தது. மாத்திரை எண்ணும்போது வந்தது. புறநோயாளிகள் போய்க் கட்டடம் அமைதியானதும் பலமாக வந்தது. நின்ற இடத்தில் அடுத்த சுரம் வராதா என்று உடம்பெல்லாம் முன்னால் சாயும். வராது. தும்மல் வந்து வராமல் நிற்பதைப் போல நாள் முழுக்க இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இடது பக்கத்தில் யாரோ நிற்பதாக அடிக்கடி தோன்றியது. திரும்பிப் பார்ப்பேன். மருந்து அலமாரி இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று சபையில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பாட்டுக்குப் பயப்படுகிறாள் என்றால் என்ன நினைப்பார்கள்?

நான்காவது ஊசிக்குப் போனபோது மருத்துவரிடம் மட்டும் சொன்னேன். பைத்தியம் பிடிக்கிறதா என்று நேராகவே கேட்டேன்.

"இல்லீங்கம்மா. இதுக்கு இசைப் பிரமைன்னு பேரு" என்றார் (காது அனுப்பாத ஒலியை, மூளை தன் நினைவிலிருந்து எடுத்துத் தானே நிரப்பிக்கொள்வது). "காது கேக்காமப் போனவங்க சில பேருக்கு வரும். மனநோய் கிடையாது. பயப்படாதீங்க."

"எனக்கு நூற்றுக்கணக்கில் பாட்டுத் தெரியும். ஏன் இந்த ஒண்ணு?"

"மூளை எதை எடுத்துக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். சுற்றிலும் ஏதாவது சின்னச் சத்தம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொன்னார். இடது காதில் மிஞ்சிய கொஞ்சத்துக்குக் காதுக்கருவி எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் மறைக்கவில்லை. உங்களில் யாருக்காவது இப்படிப் பாட்டுக் கேட்டால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னதால் பாதிப் பயம் எனக்குப் போனது. மீதிப் பாதிக்கு அவரிடம் மருந்து இல்லை.

மீண்டும் பாட முடியுமா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உள்ளே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே வேறு பாட்டுக்கு எப்படிச் சுருதி பிடிப்பது? பாட்டுப் போனால் என்னிடம் ஆண்டவருக்குக் கொடுக்க வேறு என்ன இருக்கிறது?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கடைசி நோயாளியும் போய்விட்டார். நான் மருந்து வழங்கும் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். காத்தாயி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று துடைப்பக் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அதை நிறுத்துங்க."

ஏழு வருடத்தில் அவள் எனக்கு இட்ட முதல் கட்டளை.

"எதை?"

"பாட்டைங்க."

"நான் பாடலியே காத்தாயி."

"பாடறீங்க. காலையில இருந்து பாடறீங்க. நாலஞ்சு நாளாப் பாடிக்கிட்டே இருக்கறீங்க. பாதியிலேயே விட்டுடறீங்க."

உள்ளே கேட்டதை நான் வாய்க்குள் முனகிக்கொண்டே இருந்திருக்கிறேன். அரைகுறைக் காதில் என் முனகல் எனக்கே தெரியவில்லை.

"இன்னைக்கு மட்டும் மூணு வாட்டி ஓடைக்குப் போயிட்டு வந்துட்டேனுங்க. எனக்கு முட்டி நோகுது" என்றாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நான் எழுந்து சன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து, நோயாளிகளின் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகுதான் அவளும் உட்கார்ந்தாள். என் வலது பக்கம் வரச் சொன்னேன்.

"அது என்ன பாட்டு?"

"எங்க ஊர்ல பொணத்தை வெளிய எடுக்கறப்பப் பாடறதுங்க. ஊட்டை விட்டுக் கெளம்பு, வாசலைத் தாண்டு, இனி இங்க உனக்கு எடமில்லைன்னு சொல்லிப் பாடுவோம். பொதைச்சுட்டு வந்து, ஓடையில காலைக் கழுவிட்டு, மீதியைப் பாடி முடிக்கோணும். நீ போயிட்ட, நாங்க ஊட்டுக்குத் திரும்பறோம்னு. அதோட சரிங்க. அடுத்த சாவு வரைக்கும் யாரும் வாயில எடுக்க மாட்டாங்க."

"முடிக்கலைன்னா?"

"போனவங்க பாதி வழியில நிப்பாங்க."

நான் கேட்டது, காற்று மாறியதால் விட்டது, எல்லாம் எனக்குப் புரியத் தொடங்கியது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. கேட்காமல் இருக்கவே விரும்பினேன்.

"நான் கேட்ட அன்னைக்கு, அது யாருக்குப் பாடினது?"

"மல்லிகாவுக்குங்க. எம் பொண்ணு. காய்ச்சல்ல போனா. பத்தொன்பது வயசு."

மகள் இறந்துபோனாள் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். எப்போது என்று விசாரித்ததில்லை.

"அந்தப் பாட்டுல நீங்க வாசல் திறந்திருக்கு, உள்ளே வா, இங்கயே தங்குன்னு பாடுனீங்க. நாங்க போகச் சொல்லிப் பாடினதை நீங்க வரச் சொல்லிப் பாடுனீங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்க."

"சொல்லியிருக்கலாமே காத்தாயி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சாமி பாட்டுன்னு சொன்னீங்க. உங்க சாமி பாட்டை வேண்டாங்கறதுக்கு நான் யாருங்க? அதான், நீங்க பாடற அன்னைக்கெல்லாம் நான் ஓடைக்குப் போய் காலைக் கழுவி, மீதியைப் பாடி முடிச்சுட்டு வந்துருவேன். ஆறு வருசமா ஞாயித்துக்கெழமை எனக்கு அதுதானுங்க வேலை."

அவள் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்தேன் என்பதைப் போலச் சொன்னாள். நான் முகத்தை மூடிக்கொண்டேன். மூன்று கூட்டங்களில் ஜனங்கள் சொன்ன அல்லேலூயா என் தலையில் வந்து விழுந்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

அன்று மாலை சாமுவேலிடம் சொன்னேன். அவர், நான் அந்தப் பாட்டை எழுதி ஒட்டியிருந்த பக்கத்தைப் புத்தகத்திலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்தார். "எனக்கும் தோணலியே எஸ்தர். ஆறு வருசமா நான்தானே வாசிச்சேன்" என்றார். அந்த ஞாயிறு சபையாரிடம் அவரே விஷயத்தைச் சொன்னார். அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் பிறகு பாடப்படவில்லை.

ஊர்க் கோயிலுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். நான் சொன்ன சாட்சி பிழையானது, இதை வாசித்துவிடுங்கள் என்று கேட்டேன். பழைய சாட்சி பலருக்கு ஆசீர்வாதமாக இருந்தது, அது அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தக் கூட்டங்களில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொன்னதன் மீதி இதுதான்.

காதுக்குள் பாட்டு நிற்கவில்லை. நிறுத்தத் தெரிந்த ஒரே ஆளிடம் போய்க் கேட்டேன். முடிவை எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். அன்றிலிருந்து அவளை நீங்கள் என்றுதான் அழைக்கிறேன். அவளுக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

"அதைச் சொல்லிக் குடுக்கறதில்லீங்க. பொணத்தோட போயிட்டு வந்தவங்கதான் பாடோணும். நீங்க வேணும்னா கூட வாங்க. வந்து காலைக் கழுவுங்க."

"நான் கிறிஸ்தவச்சி. பரவாயில்லையா?"

"தண்ணிக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்?"

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போனோம். நான் அங்கே பாடவில்லை. சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றையடிப் பாதையில் மரவள்ளிக் காட்டைத் தாண்டி இறங்க வேண்டும். கையில் தாளோ பென்சிலோ எடுத்துக்கொள்ளவில்லை. வழியெல்லாம் காதுக்குள் பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். இப்போது அவர்கள் யாரைத் தூக்கிப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அது இன்னும் கனமாக இருந்தது.

ஓடையில் புதுத் தண்ணீர். சத்தம் அதிகம். ஒற்றைக் காதுக்காரர்களுக்கு ஓடும் தண்ணீர் ஒரு சுவர் மாதிரி. அதற்கு அப்பால் எதுவும் கேட்காது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் அளவுக்கு இறங்கினேன். குளிர் எலும்பு வரை போனது. காத்தாயி என் இடது பக்கத்தில் வந்து நின்றாள். வலது பக்கம் வரச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை. பாட்டைத் திருடிக் கேட்டவளுக்கு அதன் முடிவு கேட்க வேண்டாம் என்று தோன்றியது.

உள்ளே பாட்டு ஏறி ஏறி மேல் சுரத்துக்கு வந்து நின்றது. வழக்கம்போல நான் முன்னால் சாய்ந்தேன். காத்தாயி குனிந்து தண்ணீரை அள்ளித் தன் காலில் விட்டாள். பிறகு என் காலிலும் விட்டாள். ஓடையின் சத்தம் மட்டும் இருந்தது. நான் காத்திருந்தேன்.

"ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதடு தெரியும்படி சொன்னாள்.

"முடிஞ்சுதுங்க கண்ணு. வாங்க ஊட்டுக்குப் போலாம். திரும்பிப் பாக்காதீங்க."

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. பாட்டு போய்விட்டது என்று எழுதத்தான் ஆசை. போகவில்லை. இப்போதும் மத்தியானங்களில் வருகிறது. மேல் சுரத்துக்கு வந்து நிற்கிறது. ஆனால் அந்த இடத்தில் என் கணுக்காலில் குளிர் ஏறுகிறது. சன்னலுக்குப் பின்னால் உலர்ந்த தரையில் நிற்கும்போதும் ஏறுகிறது. அதற்குப் பிறகு சில நேரம் பத்து நிமிடம், சில நேரம் ஒரு பகல் முழுக்க, இடது பக்கம் ஒன்றுமே இல்லை. யாரும் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன்.

முன்பு எனக்கு வாரம் என்பது ஞாயிற்றில் பாட்டோடு தொடங்குவது. இப்போது அது ஓடையில் முடிவது. பாட்டு அந்த வாரம் வந்திருந்தால் காத்தாயியிடம் சொல்வேன். அவள் முட்டியைத் தடவிக்கொண்டு, "அப்ப வாங்க" என்பாள். இருவரும் இறங்குவோம்.

சபையில் மறுபடி பாடத் தொடங்கியிருக்கிறேன். மெதுவாக, வலது காதை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எடுத்துக் கொடுப்பவளாக இல்லாமல், கூடப் பாடுபவளாக. சுருதி விலகினால் சாமுவேல் என் முழங்கையைத் தொடுவார். நான் நிறுத்திவிடுவேன். கதவு முன்பு போலத் திறந்தே இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு, பாட்டின் நடுவில், சாமுவேலின் கண் வாசலுக்குப் போனதைப் பார்த்தேன். கதவோரத்தில் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் அவள் கற்றுக்கொண்ட இரண்டு பாட்டில் ஒன்றைத்தான் நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். அவள் உதடு அசைந்தது. அவள் இருந்தது என் இடது பக்கம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரி வரைக்கும் அவள் எழுந்து போகவில்லை.